இரு முனையிலும் ஒரே தராசு: லிப்டன் வணிக இல்லத்தின் வரலாறு

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் பதுளை வீதி. கறுத்தப்பாலம் கடந்து, கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று போய் ஊவா மலைகளில் ஏறும் இந்த வீதி வழியாக எங்கள் நெல்லும் மீனும் கருவாடும் மலைக்குப் போயின. மலையிலிருந்து மரக்கறியும் தேயிலையும் இறங்கி வந்தன. மட்டக்களப்புக் கடைத்தெருவில் வியாபாரம் செய்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த வீதியோடு ஓர் உறவு இருக்கும்.

மலைக்கும் வாவிக்கும் இன்னோர் உறவும் உண்டு. அது காற்று. வைகாசி தொடக்கம் எங்கள் ஊரை வாட்டும் கச்சான், மேற்கு மலைச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும் தென்மேல் பருவக் காற்றுத்தான். படுவான்கரை வயல்களைக் காய்ச்சி, வாவி நீரைச் சுடவைக்கும் அதே காற்று, ஊவாச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்தைச் சுருக்கி, அதற்குள் ஒரு தனி வாசனையை ஏற்றிவிடுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் கிள்ளிய ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. தேயிலைத் துறையினரும் அந்தக் காற்றைக் கச்சான் என்றே சொல்கிறார்கள். எங்களுக்கு வேர்வை தரும் காற்று உலகத்துக்கு மணம் தருகிறது.

அந்த மலைகளில் தோட்டம் வாங்கி, உலகெங்கும் தேத்தண்ணி குடிக்க வைத்தவர் தோமஸ் லிப்டன். எமது வர்த்தகர் சங்கத்தின் விழா மலருக்கு வணிக இல்லம் ஒன்றின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெயர். என் தகப்பனாரின் கடையில் மேல்தட்டில் இருந்த மஞ்சள் பக்கற்றுகளில் அந்தப் பெயரைத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த இல்லம் எழுந்த விதத்தில் எங்கள் இளம் வியாபாரிகள் படித்தறிய நிறைய இருக்கிறது. அது தவறிய இடத்தில் படிக்க வேண்டியது இன்னும் அதிகம்.

தாய் நடத்திய கடை

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். கோர்பல்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். வெண்ணெய், முட்டை, பன்றித்தொடை இறைச்சி, இவைதான் சரக்கு. அவற்றை மொத்த வியாபாரியிடம் வாங்காமல், அயர்லாந்தில் தங்கள் ஊர்ப்பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்தே நேராக எடுப்பித்தார்கள். சரக்குப் புதியதாக இருந்தது, விலையும் குறைந்தது. இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி தாய் பிரான்சிஸ். விளைவிக்கிறவனிடம் நேராகப் போ என்ற பாடத்தை மகன் அந்தக் கடையிலேயே படித்தார். பின்னாளில் அவர் கட்டிய வணிக இல்லம் முழுவதும் அந்த ஒரு பாடத்தின் விரிவுதான்.

பள்ளிப்படிப்பு இளமையிலேயே நின்றது. கடுதாசிக் கடையில் எடுபிடியாக வாரம் இரண்டரைச் சிலிங் சம்பளம். பிறகு கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையில் ஓடிய நீராவிக் கப்பலில் பையன் வேலை. அதில் மிச்சம்பிடித்த காசோடு 1865 அளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் வயல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கடைசியாக நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் பலசரக்குப் பிரிவில் நின்றார். சரக்கை அழகாக அடுக்குவது, விலையைத் தெரியும்படி எழுதிவைப்பது, வருகிறவரை முகம் மலர்ந்து வரவேற்பது ஆகியவை பண்பு மட்டுமல்ல, முதலீடும்தான் என்று அங்கே கண்டார். ஊர் திரும்பும்போது கையில் சுமார் ஐந்நூறு டொலர். தாய்க்கு ஒரு பீப்பா மாவும் ஓர் ஆடுநாற்காலியும் கொண்டுவந்தார்.

ஊர் திரும்பிப் பார்த்த கடை

1871 மே 10ஆம் திகதி கிளாஸ்கோவின் ஸ்டொப்குறொஸ் வீதியில் லிப்டனின் முதல் கடை திறந்தது. முதலாளியும் அவரே, வேலையாளும் அவரே. இரவில் கடைக்குள்ளேயே படுத்துக்கொள்வார்.

கடன் கொடுப்பதில்லை, விலையில் பேரம் இல்லை, விளக்கொளியில் கடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்பவை அவர் வகுத்த விதிகள். விளம்பரத்தில் அவருக்கு இருந்த கற்பனை அந்த நாளில் வேறு யாருக்கும் இருக்கவில்லை. கொழுத்த பன்றிகளை அலங்கரித்து ஊர்வலமாகக் கடைக்கு நடத்தி வருவார், தெரு முழுக்கப் பின்னால் வரும். கடையில் இரண்டு கண்ணாடிகள் வைத்தார். உள்ளே போகிறவரை ஒன்று ஒல்லியாகக் காட்டும். வெளியே வருகிறவரை மற்றது கொழுகொழுவென்று காட்டும். 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து பூதாகாரமான ஒரு பாற்கட்டியை வரவழைத்து, உள்ளே தங்க நாணயங்களை மறைத்துவைத்துத் துண்டு போட்டு விற்றார். கூட்டத்தைச் சமாளிக்கப் பொலிஸ் வரவேண்டியதாயிற்று.

வேடிக்கைக்குப் பின்னால் கடுமையான கணக்கு இருந்தது. ஒரு கடையின் லாபம் அடுத்த கடையாயிற்று. அயர்லாந்துக் கிராமங்களில் ஆட்களை வைத்து வெண்ணெயையும் முட்டையையும் விவசாயியிடமே வாங்கினார். அமெரிக்காவில் இறைச்சி பதனிடும் தொழிலிலும் இறங்கினார். 1880களின் முடிவில் பிரித்தானியா எங்கும் சுமார் முந்நூறு லிப்டன் கடைகள் இருந்தன.

அவுஸ்திரேலியாவுக்கு என்று சொல்லிக் கொழும்பில் இறங்கியவர்

அப்போது பிரித்தானியாவில் நல்ல தேயிலை விலை கூடிய பண்டம். ஓர் இறாத்தல் தேயிலை இரண்டரை, மூன்று சிலிங் விற்றது. லண்டன் மின்சிங் லேன் தரகர்கள், இத்தனை கடை வைத்திருக்கும் இவர் தேயிலை விற்றால் நல்ல வாடிக்கை என்று தேடி வந்தார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும், தோட்டக்காரனுக்கும் கோப்பைக்கும் இடையில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப்பார்த்தார். தாயின் பாடம் நினைவுக்கு வந்திருக்கும்.

இலங்கை அப்போது ஒரு பேரழிவிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய், கோப்பித் தோட்டங்களைப் பத்துப் பதினைந்து வருடங்களில் தின்று தீர்த்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் விழுந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் நாட்டுக்குப் புதுவழி காட்டியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஆனாலும் கையில் காசில்லாத தோட்டக்காரர்கள் பலர் நிலத்தை வந்த விலைக்கு விற்க நின்றார்கள்.

1890இல் லிப்டன் அவுஸ்திரேலியாவுக்கு ஓய்வுப் பயணம் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, கொழும்பில் இறங்கிவிட்டார். அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனராகந்தை முதலிய தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு ரயில் 1893இல்தான் வந்தது. அதற்கு முன்பே தம்பேதன்னையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. செங்குத்தான சரிவுகளிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கக் கம்பிவடம் கட்டினார்கள். சுமார் 1,970 மீற்றர் உயரத்தில் அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றும் லிப்டன் ஆசனம் என்றே வழங்குகிறது. வானம் தெளிந்த விடியலில் அங்கிருந்து கிழக்கு மாகாணமும் தெரியும் என்பார்கள்.

பக்கற்றுக்குள் வைத்த வாக்குறுதி

லிப்டனின் பெரிய சாதனை தோட்டம் வாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பக்கற்று.

அதுவரை பெரும்பாலான தேயிலை பெட்டியில் வந்து, கடைக்காரன் கையால் அள்ளி நிறுக்கப்பட்டது. கலப்படம், பழைய இலை, குறைநிறை ஆகியவை அன்றாட முறைப்பாடுகள். லிப்டன் ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று முன்கூட்டியே நிறுத்து, பெயர் அச்சிட்டு விற்றார். நிறை சரி, தரம் ஒன்று, விலை எங்கும் ஒன்று. விலையோ சுமார் ஒரு சிலிங் ஏழு பென்ஸ். ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஏற்ற கலவை என்று தனித்தனியாகத் தயாரித்தார். நெசவாலைத் தொழிலாளியின் காசுக்கும் நல்ல தேயிலை எட்டியது.

'தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கேத்தலுக்கு' என்பது அவருடைய விளம்பரம். முழுக் கணக்கையும் சொல்லவேண்டும் என்றால், லிப்டன் கடைகளில் விற்ற தேயிலையில் பெரும்பகுதி மற்றவர் தோட்டத்தில் விளைந்து, ஏலத்தில் வாங்கப்பட்டது. அவருடைய சொந்தத் தோட்டங்களால் அத்தனை கடைகளையும் நிரப்ப முடியாது. ஆனால் தோட்டம் கையில் இருந்ததால் தேயிலையின் உண்மையான அடக்கவிலை அவருக்குத் தெரிந்திருந்தது. ஏலத்தில் அவரை ஏமாற்ற முடியாது. சரக்கின் பிறப்பிடத்தை அறிந்த வியாபாரிக்குக் கிடைக்கும் பலம் அது.

விளம்பரத்தை அவர் ஆபத்திலும் மறக்கவில்லை. ஒருமுறை செங்கடலில் அவர் போன கப்பல் தரைதட்டி, பாரம் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தது. எறியப்படும் பொதிகளில் லிப்டன் தேயிலை குடியுங்கள் என்று எழுதி மிதக்கவிட்டாராம். அவரே சொன்ன கதை இது.

கொழுந்து நிறுத்த தராசு

லிப்டன் விளம்பரங்களில் தலையில் முக்காடும் முதுகில் கூடையுமாக ஒரு தமிழ்ப் பெண் நிற்பாள். உலகம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பக்கற்றை வாங்கியது. அவள் யார்?

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர் கணக்கற்றவர். ஆள்சேர்த்த கங்காணி கொடுத்த முற்பணம் அவள் காலில் கட்டிய முதல் கயிறு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, கடன் எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு 1927இல் ஒரு சட்டம் வந்தது. வீடு என்பது லயத்தில் ஓர் அறை. விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு மலை, பிறகு தராசு.

அந்தத் தராசைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். கூடை நிறைக்கென்று கொஞ்சம், இலை ஈரமென்று கொஞ்சம் என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிப்பார்கள். முழுநாள் கூலிக்குப் பேர் போடத் தேவையான கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மலையகப் பெண்கள் இன்றும் சொல்லும் முறைப்பாடு இது. பிரித்தானியாவில் ஒரு தாய் வாங்கிய கால் இறாத்தல் பக்கற்றில் ஒரு துளி குறையக்கூடாது என்று கட்டிக்காத்த தொழில், கொழுந்து கிள்ளிய தாயின் கூடையில் அதே நேர்மையைக் காட்டவில்லை. இது லிப்டன் ஒருவரின் குற்றமல்ல, அந்தத் துறை முழுவதும் அப்படித்தான் இயங்கியது. ஆனால் நிறையின் மதிப்பை அவ்வளவு நன்றாக அறிந்த ஒருவர் நினைத்திருந்தால், வேறொரு வழியைத் தொடங்கிவைத்திருக்க முடியும்.

அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் தலை எண்ணிப் பிரித்தது. 1977 இனக்கலவரத்துக்குப் பின் பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. பதுளை வீதி வழியே எங்கள் மாவட்டத்து எல்லைக் கிராமங்களுக்கும் வந்து காடு வெட்டி, சேனை செய்து, எங்கள் அயலவர் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று எங்கள் கடைகளில் வாடிக்கையாளர். சிலர் எங்கள் சங்கத்து உறுப்பினர்.

கொடை, கடல், சறுக்கல்

லிப்டனுக்குக் கைக்கஞ்சத்தனம் கிடையாது. 1897இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழாவுக்கு லண்டன் ஏழைகளுக்கு உணவளிக்க 25,000 பவுண் கொடுத்தார். மலிவு விலை உணவகம் ஒன்றுக்கு ஓர் இலட்சம் பவுண் ஒதுக்கினார். 1898இல் சேர் பட்டம் வந்தது. அதே ஆண்டு அவரது வணிகம் பங்குகள் விற்கும் பொதுக் கம்பனியாயிற்று.

பிறகு அவர் மனம் கடலுக்குப் போனது. அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பல் போட்டிக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷம்றொக்' என்ற பெயரில் கப்பல்கள் கட்டிப் போனார். ஐந்து முறையும் தோற்றார். ஒவ்வொரு தோல்வியையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டதால், 1930இல் அமெரிக்க மக்களே காசு சேர்த்து அவருக்குத் தங்கக் கிண்ணம் பரிசளித்தார்கள். அந்தத் தோல்விகள் அமெரிக்காவில் அவருடைய தேயிலைக்கு எந்த விளம்பரமும் தராத பெயரைக் கொடுத்தன. முதலாம் உலகப்போரில் தன் சொந்த உல்லாசக் கப்பலில் மருத்துவர்களையும் தாதியரையும் ஏற்றிக்கொண்டு, தொற்றுக்காய்ச்சல் பரவிய சேர்பியாவுக்குத் தானே போனார்.

நிறுவனத்துக்குக் களங்கமும் வந்தது. பிரித்தானியப் படைகளின் உணவுச்சாலை ஒப்பந்தங்களுக்காக இராணுவ அலுவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்த வழக்கில், 1914இல் லிப்டன் கம்பனி அலுவலர் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். லிப்டன்மேல் குற்றம் சாட்டப்படவில்லை. ஆனால் முந்நூறு கடையையும் தன் கண்ணால் பார்த்த முதலாளி பாய்க்கப்பலில் போனபோது, கணக்கைப் பார்க்க வேண்டிய கண் வீட்டில் இல்லை. 1920களில் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போனது. 1931 ஒக்ரோபர் 2ஆம் திகதி காலமானார். வாரிசு என்று யாரும் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி அவர் பிறந்த கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயிற்று.

கொழுந்து கிள்ளிய மலைக்கு அந்த உயிலில் என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பிறந்த ஊரை மறக்காத மனிதர் அவர். அவருக்குச் செல்வம் பிறந்த ஊர் இன்னொன்றும் இருந்தது.

பெயர் மட்டும் எஞ்சிய இல்லம்

1930களின் பிற்பகுதி தொடக்கம் லிப்டன் வணிகம் பகுதி பகுதியாக யூனிலீவர் வசம் போய், 1972 அளவில் முழுவதும் அதன் சொத்தாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு பொறுப்பேற்றது. 1990களில் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. 2022இல் யூனிலீவரும் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டது. இத்தனை கைமாறலுக்குப் பிறகும் பெயர் நிற்கிறது. தம்பேதன்னைத் தொழிற்சாலையும் நிற்கிறது. கொழுந்து கிள்ளுகிறவர்களும் அந்தச் சரிவில்தான் நிற்கிறார்கள்.

வாவிக்கரையில் ஒரு தராசு

இந்த வரலாற்றை நாம் ஏன் எமது விழா மலரில் வைக்கிறோம்?

வாவியில் விடியற்காலை தோணியில் போய் இறாலும் செத்தல் மீனும் பிடிக்கிறவர், முற்பணம் கொடுத்த முதலாளி சொன்ன விலைக்கே பிடியைக் கொடுக்கிறார். கங்காணியின் கயிறு வாவிக்கரையிலும் கிடக்கிறது. படுவான்கரையில் அறுவடை முடிந்ததும் களத்துக்கே லொறி வந்து, ஈரமென்றும் சாக்கு நிறையென்றும் மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துக்கொண்டு நெல்லை ஏற்றுகிறது. எருமைத் தயிர்ச் சட்டி கொழும்புக்குப் போய்ச் சேர்கையில் விலை எத்தனை மடங்கு ஆகிறது என்பது எங்கள் உறுப்பினர் யாவருக்கும் தெரியும்.

லிப்டன் இடைக்கைகளைக் குறைத்தார். நாமும் குறைக்கலாம். பிடித்தவரிடமும் விளைவித்தவரிடமும் நேராகப் போகலாம். எங்கள் இறாலுக்கும் தயிருக்கும் மரமுந்திரிகைக்கும் ஊர்ப்பெயர் அச்சிட்ட, நிறை பிழைக்காத பக்கற்றுப் போடலாம். இவையெல்லாம் அவரிடம் படிக்கக் கூடியவை. இடைக்கை குறைந்தால் மிஞ்சும் காசு இரண்டு பக்கம் போகலாம்: வாங்குகிறவருக்கு மலிவாக, விளைவிக்கிறவருக்குக் கூலியாக. லிப்டன் முதல் பக்கத்துக்கு மட்டும் அதை வாரி வழங்கினார். நாம் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

என் தகப்பனார் கடைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு தட்டையும் மாற்றி மாட்டிப் பார்ப்பார். இடத்தட்டு வலப்பக்கம், வலத்தட்டு இடப்பக்கம். அப்போதும் முள் நடுவில் நின்றால்தான் சரியான தராசு என்பார். வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது ஒரு தராசு வைத்திருக்கிறவனுக்குக் கடை இருக்கும், பேர் இருக்காது என்றும் சொல்வார்.

எமது சங்கத்துக் கட்டடத்தின் முன்வாசலில், கமக்காரரும் மீனவரும் தங்கள் சரக்கை இலவசமாக நிறுத்துப் பார்க்க ஒரு பொதுத் தராசு வைக்க வேண்டும் என்று இந்த விழா நாளில் கேட்டுக்கொள்கிறேன். களத்தில் நிறுத்த நெல்லை அவர்கள் அங்கே கொண்டுவந்து மறுபடி நிறுக்கட்டும். இரண்டு நிறையும் ஒன்றாக இருந்தால் வியாபாரிக்கும் பெருமை. அடுத்த கச்சான் வீசுவதற்குள், சிறுபோக நெல் களத்துக்கு வருமுன், அந்தத் தராசு முன்வாசலில் நிற்கட்டும்.